பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் புது ஃபிளாட்: விடலாமா, கூடாதா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன, அதனால் சேர்த்தே எழுதிவிடுகிறேன். பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். அனுமதிக் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தரப்பிலும் திட்டு வாங்கிப் பழக்கம்.

எத்தனை மீட்டர் தள்ளிக் கட்டினால் பிரச்சினை இல்லை? ஒரு கணக்குச் சொல்லுங்களேன்.

கணக்கு இருக்கிறது. இந்தியாவில் மத்திய அரசு பாதுகாக்கும் நினைவுச்சின்னம் என்றால் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது, அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010-ல் இதைச் சட்டத்திலேயே ஏற்றிவிட்டார்கள். நல்ல காரியம்தான், ஆனால் டேப்புக்குள் எல்லாம் அடங்காது. பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில், அந்நாட்டின் தேசிய வீரர் ரிசாலின் நினைவுச்சின்னத்துக்குப் பின்னால் எழுந்த ஃபிளாட் கோபுரம் சுமார் 870 மீட்டர் தள்ளித்தான் நிற்கிறது, ஆனாலும் சிலைக்கு நேர் எதிரே நின்று படமெடுத்தால் பின்னால் அதுதான் வந்து விழும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அப்படிக் கட்டக் கூடாது என்று தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2017-ல் 9-க்கு 6 என்ற கணக்கில் கட்டடம் தப்பித்தது.

லண்டன் கதை இன்னும் வேடிக்கை. செயின்ட் பால் பேராலயத்தைச் சுற்றி 1937-லிருந்தே உயரக் கட்டுப்பாடு. சுமார் 16 கி.மீ. தள்ளி ரிச்மண்ட் பூங்காவில் ஒரு மேட்டிலிருந்து செடிகளின் இடைவெளி வழியே அதன் குவிமாடம் தெரியும், அந்தப் பார்வைக்கோட்டையும் காக்கிறார்கள். இவ்வளவும் செய்தும் 2016-ல் குவிமாடத்துக்குப் பின்னால் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து ஒரு 42 மாடிக் கோபுரம் எட்டிப் பார்த்தது!

அதனால் டேப்பை எடுப்பதற்கு முன்னால், இந்தக் கட்டடத்தை ஜனங்கள் எங்கே நின்று பார்க்கிறார்கள் என்று நடந்து பாருங்கள். நாலைந்து இடம்தான் இருக்கும். கோபுரத்துக்கு அதன் பின்னால் இருக்கும் வானம் முக்கியம். சந்துக்குள் இருக்கும் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீடுகளின் கூரை வரிசை. கிடங்கு மாதிரிக் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் காலி முற்றம்தான் உயிர், அங்கே இரண்டு மாடி வந்தாலே போச்சு.

பில்டர் காட்டிய கம்ப்யூட்டர் படத்தில் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது?

இருக்கும், அதற்குத்தானே காசு கொடுத்துப் போடச் சொல்கிறார்கள். அகலக் கோணத்தில் வரைந்தால் பின்னால் இருப்பது குட்டியாகிவிடும், போதாக்குறைக்கு முன்னால் இரண்டு மரத்தை நட்டுவிடுவார்கள். கண் உயரத்தில், நீங்கள் சொல்லும் இடத்திலிருந்து, இலை உதிர்ந்த மரத்தோடு வரைந்து தரச் சொல்லுங்கள். சுவிட்சர்லாந்தில் அனுமதி கேட்கும்போதே மனையில் கம்பங்களை நட்டு, வரப்போகும் கட்டடத்தின் உயரத்தையும் மூலைகளையும் காட்ட வேண்டும். அந்த ஏற்பாட்டைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கும். மற்ற இடங்களில் ஒரு கிரேன் கொக்கியை அந்த உயரத்துக்குத் தூக்கிக் காட்டச் சொல்லலாம், ஒரு மணி நேர வேலை.

உயரம் குறைவுதான், ஆனால் இரண்டு பேஸ்மென்ட் தோண்டுகிறார்கள். பயப்பட வேண்டுமா?

ஆமாம். மாடியைப் பற்றி மூன்று மணி நேரம் சண்டை போடும் குழு, குழியைப் பற்றி மூன்று நிமிஷம்கூடப் பேசாது. பழைய சுவர்களுக்குப் பெரும்பாலும் ஆழமான அஸ்திவாரம் கிடையாது, சுண்ணாம்புக் காரையும் தன் கனமும்தான் நிறுத்தி வைத்திருக்கின்றன. மெதுவாக, எல்லாப் பக்கமும் சமமாக இறங்கினால் தாங்கிக்கொள்ளும். ஒரு மூலை மட்டும் இறங்கினால் தாங்காது.

பாஸ்டனில் டிரினிட்டி தேவாலயத்தை 1870-களில் சுமார் 4,500 மரத்தூண்கள் மேல் கட்டினார்கள். கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்துப் பக்கத்தில் ஹான்காக் கோபுரத்துக்குக் குழி தோண்டியபோது (அது ஆபீஸ் கட்டடம்தான், ஆனால் மண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது) மண்ணைத் தாங்கிய தடுப்பு நகர்ந்து, தேவாலயத்தில் விரிசல் விட்டது. வழக்கு 1987 வரை இழுத்து, ஒரு கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு.

அதிர்வு இன்னொரு தலைவலி. ஜெர்மனியின் டிஐஎன் 4150 தரநிலை, மெதுவான அதிர்வில் சாதாரண வீட்டுக்கு நொடிக்கு 5 மி.மீ. அதிர்வு வேகம் வரை விடுகிறது, பாரம்பரியக் கட்டடத்துக்கு 3 மி.மீ. தான். எனவே பைலை, அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூணை, அடித்து இறக்கக் கூடாது, துளைபோட்டு இறக்க வேண்டும் என்று அனுமதியிலேயே எழுதுங்கள். அப்புறம் தண்ணீர். குழியைக் காய வைக்க மோட்டார் போட்டு இறைத்தால் பக்கத்து மண்ணும் வற்றி இறங்கும், அடியில் மரத்தூண் இருந்தால் அது காற்றுப்பட்டு மக்க ஆரம்பிக்கும்.

ஒரு வேலையில் விரிசல்களுக்குக் குறுக்கே கண்ணாடிப் பட்டைகளை ஒட்டி வைத்திருந்தோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான் தொழில்நுட்பம். மூன்றாவது வாரம் ஒன்று நறுக்கென்று இரண்டாகக் கிடந்தது. இன்ஜினியர்கள் கூடி வரைபடத்தை விரித்து யோசித்துக்கொண்டிருக்கையில் வாட்ச்மேன் வந்து, "ராத்திரி பூரா மோட்டார் ஓடுது சார்" என்றார். அனுமதியில் பகலில் மட்டும்தான் என்று இருந்தது.

பழைய பாணியிலேயே வளைவு, தூண் எல்லாம் வைத்துக் கட்டித் தருகிறோம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எட்டு மாடியில் ஒட்டிய வளைவு, பக்கத்தில் இருக்கும் நிஜ வளைவையும் சேர்த்துப் போலியாக்கிவிடும். உயரம், ஜன்னல்களின் தாளம், சுவரின் நிறம், தெருவோடு நிற்கும் கோடு, இது நாலும் ஒத்துப் போனால் மற்றது இந்தக் காலத்துக் கட்டடமாகவே இருக்கட்டும்.

வீடு கிடைக்காமல் ஜனங்கள் அல்லாடுகிறார்கள். ஒரு பழைய சுவருக்காக ஃபிளாட்டை மறுப்பது நியாயமா?

நியாயமான கோபம். எதிர்ப்புக் கடிதங்களில் பாதி, பாரம்பரியம் என்று ஆரம்பித்துக் கடைசியில் கார் நிறுத்த இடம் இல்லை என்பதில் வந்து நிற்கும். பழைய கட்டடத்துக்கும் சுற்றிலும் ஆள் வேண்டும், யாரும் நடமாடாத இடத்தில் அது சும்மா கிடந்தே இடியும். ஆனால் நிறைய வீடு என்றால் உயரம்தான் வழி என்பதை நான் நம்பவில்லை. பாரிஸில் பெரும்பாலும் ஆறேழு மாடிதான், அதிலேயே ஒரு சதுர கி.மீ.க்கு சுமார் 20,000 பேர் இருக்கிறார்கள். ஜெர்மனியில் கொலோன் பேராலயத்துக்கு ஆற்றின் எதிர்க்கரையில் உயர்ந்த கட்டடங்கள் திட்டமிட்டதால் 2004-ல் யுனெஸ்கோ அதை ஆபத்தில் இருக்கும் உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் வைத்தது. நகரம் உயரத்தைக் கட்டுப்படுத்தியதும் 2006-ல் எடுத்துவிட்டது. லிவர்பூல் துறைமுகப் பகுதியில் அப்படி ஒத்துவரவில்லை, 2021-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே போய்விட்டது. என் அனுபவத்தில் பத்து மனுவில் ஏழெட்டுக்கு, மேல் இரண்டு தளத்தைப் பின்னுக்கு இழுத்து ஒரு பேஸ்மென்ட்டை வெட்டினால் சரி என்று சொல்லிவிடலாம். முழுசாக மறுக்க வேண்டியது கொஞ்சம்தான். அதை மறுக்கும்போது தயங்கக் கூடாது.

அப்படிப்பட்ட இடத்தில் ஃபிளாட் வாங்கலாமா?

அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு வாங்குங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் வேண்டாம்.

நாளைக்குக் கூட்டம். பேச இரண்டு நிமிஷம்தான் கிடைக்கும். எதைக் கேட்கட்டும்?

குழியிலிருந்து எத்தனை மாதம் தண்ணீர் இறைப்பீர்கள், அதுவரை பழைய சுவரை யார் அளப்பார்கள், அந்த அளவு யார் கைக்குப் போகும் என்று கேளுங்கள். "அதெல்லாம் காண்ட்ராக்டர் பார்த்துப்பார்" என்று பதில் வந்தால், அதை அப்படியே மினிட்ஸில் எழுதச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.