மருத்துவர் பதில்: எடை குறைந்த பிறகுதான் விளையாட விட வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, 7ஆம் தரத்தில் படிக்கிறான். உயரம் 148 சென்ரிமீற்றர், எடை 56 கிலோகிராம். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் எடை கூடுதல் என்று கடிதம் கொடுத்தார்கள். பிறக்கும்போது 2.2 கிலோதான் இருந்தான். கழுத்தின் பின்பக்கம் கறுத்திருக்கிறது; மாமியார் தேசிக்காயும் மஞ்சளும் வைத்துத் தேய்த்தும் போகவில்லை. வீட்டுக்கு வரும் படிகளில் ஏறினால் மூச்சு வாங்குவதால் ஆட்டோவில்தான் போய் வருகிறான். எடை குறைந்த பிறகு விளையாட விடலாம் என்று நினைக்கிறேன். அதுவரை சோற்றை நிறுத்தலாமா? என் தகப்பனாருக்குச் சீனி வருத்தம் உண்டு. (ஒரு தாய், ஹட்டன்)

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் வகுத்திருக்கும் ஒழுங்கை மட்டும் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். எடை குறையும்வரை விளையாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். எடை ஒரு கிலோகூடக் குறையாத நிலையிலும், உடலை உழைக்க வைக்கும் பிள்ளைக்கு, இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினின் வேலை சீரடைகிறது.

நீங்கள் தந்த அளவுகளின்படி, உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டெண் (BMI) மகனுக்கு 25.6. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் 12 வயது ஆண் பிள்ளைக்கு இது ஏறத்தாழ 20ஐத் தாண்டினால் அதிக எடை, 23.5ஐத் தாண்டினால் உடற்பருமன். ஆனால் அந்த எண்ணைவிட என்னைக் கவலைப்பட வைத்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய கழுத்துக் கருமைதான். அது அழுக்கு அல்ல. தசைகளும் ஈரலும் இன்சுலினின் சொல்லைக் கேட்காமல் போகும்போது, சதையி (கணையம்) அதை மேலும் மேலும் சுரக்கிறது. அளவுக்கு மிஞ்சிய அந்த இன்சுலின் தோலின் கலங்களைத் தூண்டித் தடிக்கவும் கறுக்கவும் செய்கிறது. தாத்தாவுக்கு இருக்கும் சீனி வருத்தம் பேரனை எட்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே வெளியில் தெரியும் அடையாளம் இது. தையல் நாடாவால் தொப்புள் மட்டத்தில் இடுப்பையும் அளந்து பாருங்கள்; அது உயரத்தில் பாதிக்குள், அதாவது 74 சென்ரிமீற்றருக்குள், இருப்பது நல்லது.

பிறப்பு எடையை நீங்கள் குறிப்பிட்டது மிகவும் உதவியாக இருந்தது. 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்து, பிறகு விரைவாகக் கொழுக்கும் பிள்ளைக்குத் தசை குறைவாகவும் வயிற்றுக் கொழுப்பு கூடுதலாகவும் அமைவது தெற்காசியரிடம் நன்கு அறியப்பட்ட ஒன்று. இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, 5 வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 சதவீதம் என்றால், தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 சதவீதம். மெலிந்த பிள்ளைகளையே பார்த்துப் பயந்த நமது மலையகப் பாட்டிமார், பேரன் சதை பிடித்ததைக் கண்டு மனம் நிறைந்ததில் பிழை காண எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சிறிதாகப் பிறந்த உடலுக்கு இப்போது வேண்டியது மேலும் கொழுப்பு அல்ல, தசை.

ஏனென்றால், உழைக்கும் தசை இன்சுலினின் தயவில்லாமலேயே இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்கிறது. ஓடி ஓய்ந்த பிறகும் ஒன்றிரண்டு நாட்களுக்கு இன்சுலின் சற்று எளிதாக வேலை செய்கிறது. பிறகு அந்தப் பயன் மங்கிவிடுகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் கிரிக்கெட் ஆடுவதைவிட, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உழைப்பதே பலன் தரும். நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் உடலை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாட்களாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 60 நிமிடங்களையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை.

மூச்சு வாங்குவது பழக்கமின்மையால் என்றால், அதற்கு மருந்தே அந்தப் படிகள்தான். முதல் இரண்டு வாரம் ஆட்டோவைப் பாதி வழியில் நிறுத்தி, மீதித் தூரத்தைப் படிகளில் ஏறிவரச் சொல்லுங்கள். பேச முடிந்து, பாட முடியாத அளவு மூச்சு வாங்கினால் வேகம் சரி. எத்தனை இடத்தில் நின்றான் என்பதை அவனே ஒரு கொப்பியில் எழுதட்டும். ஆனால் இருமல், வீசிங், நெஞ்சுவலி அல்லது மயக்கம் வந்தால், குளிர்காற்றில் கிளம்பும் ஆஸ்துமாவா, இதயக் கோளாறா என்று வைத்தியர் முதலில் பார்க்க வேண்டும். இந்த வயதில் பருமனான பிள்ளை இடுப்பு, தொடை, முழங்கால் வலி என்று சொல்லி நொண்டினால், அதைச் சோம்பல் என்று ஒருபோதும் தள்ளிவிடாதீர்கள். தொடை எலும்பின் தலை நழுவியிருக்கலாம் என்பதால் அவனை நடக்கவிடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

ஓட்டப் போட்டியில் கடைசியாக வந்து சிரிப்புக்கு ஆளாகும் பிள்ளை, குண்டு எறிதலிலும் கயிறு இழுத்தலிலும் பெரும்பாலும் முன்னால் நிற்பான். அந்த வெற்றியிலிருந்தே தொடங்குங்கள். கதிரையில் உட்கார்ந்து எழும்புதல், சுவரில் கைகளை ஊன்றிச் சாய்ந்து தள்ளி நிமிர்தல், தண்ணீர் வாளி தூக்குதல் ஆகியவை நல்ல தசைப் பயிற்சிகள். மே மாதம் தொடங்கி மாதக்கணக்கில் மழையும் மிஸ்டும் வெளியே விடாது என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்குள் தப்பு மேள இசையைப் போட்டு இருபது நிமிடம் ஆடினால் போதும், காமன் கூத்தில் ஆடுபவர்களின் வியர்வையைப் பார்த்தவர்கள் அதை விளையாட்டாக எண்ணமாட்டார்கள்.

சோற்றை நிறுத்த வேண்டாம். வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டால் தசைதான் கரையும். சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, போஞ்சி, கோவா, லீக்ஸ் போன்ற மரக்கறிகளைக் கூட்டி, பருப்போடு முட்டையோ நெத்தலியோ வையுங்கள். கோதுமை ரொட்டியை நாளில் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம். நான் முதலில் கைவைப்பது தேத்தண்ணியில்தான். ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டிச் சீனி என்று நான்கு கோப்பை குடித்தால் ஏறத்தாழ 50 கிராம் சேர்கிறது. நாள் முழுவதற்குமான உச்ச எல்லையே அவ்வளவுதான், பாதியாகக் குறைப்பது இன்னும் நல்லது. ஒரு கோப்பைக்கு வாரம் அரைக் கரண்டி வீதம் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும். குளிர்பானப் போத்தலில் சீனி கூடுதல் என்று காட்டும் சிவப்பு வட்டம் இருந்தால் வாங்காதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே தேத்தண்ணியாக இருக்கட்டும். அவனுக்கு மட்டும் சீனியில்லாத கோப்பை என்றால் அது தண்டனையாகிவிடும்.

அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்கில் இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சீனி, கொழுப்பு, ஈரல் நொதியம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். பாடசாலையில் தந்த கடிதத்தையும் கொண்டுபோங்கள். அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர், திடீர் மெலிவு ஆகியவை இருந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். எடையைத் தினமும் பார்க்காதீர்கள்; அவன் உயரும் வயதில் இருக்கிறான். எடை இதே 56இல் நின்று உயரம் 158 ஆனால், சுட்டெண் 22.4க்கு இறங்கிவிடும்.

தேசிக்காயை இன்றே நிறுத்துங்கள். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் வெந்து இன்னும் கறுக்கும். இன்சுலின் தணியத் தணியக் கழுத்தும் மாதக்கணக்கில் மெல்ல வெளுக்கும். அதுவரை சாதாரண சவர்க்காரமும் தண்ணீரும் போதும்.