பெயர்ப் பட்டியலைக் கொடுக்கலாமா?

கேள்வி: நீரிழிவு உள்ளவர்களுக்கு வாராவாரம் சுகாதாரக் கல்வி வகுப்பு எடுக்கிறேன். ஒரு கம்பெனி எல்லோருக்கும் ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் இலவசமாகத் தருகிறதாம். பதிலுக்கு வருபவர்களின் பெயரும் ஃபோன் நம்பரும் கொடுத்தால் போதுமாம். மேலதிகாரியோ, கால் அழுகிய படங்களைக் காட்டிப் பயமுறுத்தினால்தான் கேட்பார்கள் என்கிறார். நெறிமுறைப்படி எது சரி?

பதில்: பட்டியலைக் கொடுக்காதீர்கள். வகுப்புக்கு வருபவர்கள் நம்பரை எழுதியது உங்களை நம்பி. வேறு காரியத்துக்கு வேண்டுமென்றால் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். மறுத்தாலும் வகுப்பில் இடம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நான்கு கொள்கைகளைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இங்கே உங்களுக்கு வேண்டியது முதலாவது மட்டும்தான்: தன் விஷயத்தை அவரவரே முடிவு செய்யும் உரிமை.

அந்த இலவசத்தைக் கொஞ்சம் பாருங்கள். கருவி ஒருமுறை வாங்குவது. ஒவ்வொரு சோதனைக்கும் ரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியது, அதுவும் அந்தந்தக் கருவிக்கு உரியதுதான் பொருந்தும். நீங்கள் கையில் கொடுத்தால், உங்கள் சிபாரிசு என்றுதான் வாங்குபவர் நினைப்பார். இது புதிய தந்திரம் அல்ல. பால் மாவு விற்ற கம்பெனிகள் ஒரு காலத்தில் நர்ஸ் உடை போட்ட பெண்களைத் தாய்மார்களிடம் அனுப்பின. இலவச டப்பா தீர்வதற்குள் தாய்க்குப் பால் சுரப்பு குறைந்துவிடும், அப்புறம் காசு கொடுத்து வாங்கியே தீரவேண்டும். 1981-ல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற விதித்தொகுப்பு, தாய்மார்களுக்கு இலவச மாதிரி தரக்கூடாது, விற்பனை ஆட்கள் அவர்களைத் தொடர்புகொள்ளவும் கூடாது என்றது. உங்களிடம் வந்திருப்பவர் 'சேவை', 'விழிப்புணர்வு' என்று என்ன பெயர் சொன்னாலும், நம்பர் கேட்டால் அவர் விற்பனை ஆள்தான்.

பயமுறுத்தும் படங்கள் வேண்டாம். 1953-ல் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்ற இருவர் பல் பராமரிப்பு பற்றி மாணவர்களிடம் சோதித்தார்கள். மிக அதிகமாகப் பயமுறுத்தப்பட்டவர்களே சொன்னதை மிகக் குறைவாகப் பின்பற்றினார்கள். என்ன செய்யலாம் என்ற வழி தெரியாமல் பயம் மட்டும் வந்தால், மனிதர் காதைப் பொத்திக்கொள்வார். தினமும் பாதத்தைப் பார்ப்பது எப்படி என்று காட்டுங்கள். கவனிக்காவிட்டால் காலை இழக்க நேரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வகுப்பில் கேட்ட ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஒரு பஸ் டிரைவர் உங்களைத் தனியே அழைத்து, "வண்டி ஓட்டும்போது சர்க்கரை இறங்கி இரண்டு தடவை கண் இருட்டிவிட்டது, யாரிடமும் சொல்லாதீர்கள்" என்கிறார். அவர் உடம்பு மட்டும் என்றால் முடிவு அவருடையது. பின்னால் பயணிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்காக நேராக முதலாளியிடம் ஓடிவிடாதீர்கள். வண்டியை நிறுத்திவிட்டு இன்றே மருத்துவரைப் பார்க்கும்படி முதலில் அவரையே இணங்க வையுங்கள், நீங்களும் கூடப் போங்கள். மருந்தளவை மாற்றினாலே சரியாகிவிடலாம். அவர் மறுத்து, நாளையும் ஓட்டுவேன் என்றால், நீங்கள் சொல்லப்போவதை அவரிடமே சொல்லிவிட்டு, பொறுப்பு மருத்துவரிடம் மட்டும் சொல்லுங்கள். அதுவும் இந்த ஒரு விஷயத்தை மட்டும். அவர் குடும்பக் கதை எதையும் சேர்க்காதீர்கள். என்ன நடந்தது என்று தேதியோடு எழுதி வையுங்கள். ஆபத்து பிறருக்கு, அது உடனடியானது, வேறு வழி இல்லை: மூன்றும் சேர்ந்தால்தான் இந்த விலக்கு. கம்பெனிக்கு நம்பர் கொடுப்பது இதில் எங்குமே வராது.

உங்கள் நெருக்கடி புரிகிறது. ரிப்போர்ட்டில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை ஃபோட்டோ என்றுதான் கேட்கிறார்கள். யாருக்காவது புரிந்ததா என்று ஒரு கட்டம்கூட அதில் கிடையாது. கையேடு அச்சடிக்கப் பணம் ஒதுக்காமல் கல்வியாளரைக் கம்பெனி வாசலில் நிறுத்துவதும் இதே அமைப்புதான். எத்தனை வருடம் இதைச் சொல்வது!

இப்போதைக்கு, கம்பெனிக்கு மறுப்பை எழுத்தில் அனுப்பி, மேலதிகாரிக்கும் ஒரு பிரதி வையுங்கள். அடுத்த வகுப்புக்கு முன் வருகைத்தாளை எடுத்துப் பாருங்கள். ஃபோன் நம்பர் கட்டம் எதற்கு என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால் அதை நீக்கிவிடுங்கள்.