படிக்கட்டுக்கு அடியில் நிற்கும் சைக்கிள் – வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா,

வேலூருக்குள் நாலைந்து கிலோமீட்டர் போவதற்கு வண்டி எதற்கு, நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. எனக்கு வீடு சத்துவாச்சாரி. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஷேர் ஆட்டோவுக்குப் போக வர தினம் 40 ரூபாய் ஆகிறது. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிளைக் கல்யாணமாகி வந்தபோது கூடவே கொண்டுவந்தேன். இன்னும் படிக்கட்டுக்கு அடியில் நிற்கிறது. எடுக்கலாம் என்றால் மாமியார், “வண்டி வாங்க வக்கில்லையான்னு ஊர் கேக்கும்” என்கிறார். 50,000 ரூபாய் சைக்கிளில் விடியற்காலையில் போகிறவரை ஊர் மெச்சுகிறது. நான் மிதித்தால் இல்லாதவள். அப்புறம் இந்த வெயில், இந்த ரோடு. இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதினீர்களா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள அம்மா,

உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கட்டுரையில் மிதிக்கிறவர்களுக்குப் புத்தி சொன்னேன். ரோடு போடுகிறவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது என் தவறு.

நடப்பதும் மிதிப்பதும் இனிமேல்தான் வரவேண்டிய நல்ல பழக்கம் என்பதுபோல எழுதிவிட்டேன். உண்மையில் இந்த ஊரில் எத்தனையோ பேர் ஏற்கெனவே அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் காந்தி ரோட்டில் நின்று பாருங்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள், எக்ஸ்ரே கவரும் ஃபைலுமாக சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருப்பார்கள். கூட வந்தவர் முன்னால் நடக்க, நோயாளி அவர் தோளைப் பிடித்தபடி பின்னால் வருவார். அதே நேரத்தில் நேதாஜி மார்க்கெட்டிலிருந்து கேரியரில் மூட்டை கட்டிய சைக்கிள்கள் வெளியே வரும். இவர்கள் யாரும் சுற்றுச்சூழலுக்காக நடக்கவில்லை, உடம்பு இளைக்க மிதிக்கவில்லை. போக வேண்டிய இடத்துக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்றும் கேட்டார்கள். விவசாயமும் வீட்டுத்தொழிலும் நீங்கலாக மற்ற வேலை செய்கிறவர்களில், நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்கள் மட்டுமே நாடு முழுக்க மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

இத்தனை பேருக்கும் நம் தெருக்களில் என்ன இடம் ஒதுக்கியிருக்கிறோம்? நடந்து போகிறவர்களுக்காக, சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட நெறிமுறை இருக்கிறது. நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும், தலைக்குமேல் 2.2 மீட்டர் உயரத்துக்கு எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று அது சொல்கிறது. அந்த 1.8 மீட்டருக்குக் காரணம், இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடந்துபோக அவ்வளவு இடம் தேவை. இதைப் படித்தபோது எனக்கு வேலூரைத் தவிர வேறு எந்த ஊரும் நினைவுக்கு வரவில்லை. 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு ஐடா ஸ்கடர் தொடங்கிய அந்த சி.எம்.சி.யை நம்பி, நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்க முடியாதவர்கள் வந்துகொண்டே இருக்கிற ஊர் இது. இங்கே நடைபாதையும் வைத்தியத்தில் சேர்த்திதான். ஆனால் நம் நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது, கடையின் படி நீண்டிருக்கிறது, வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் பஸ்ஸுக்கு எதிரே ரோட்டில் இறங்குகிறார்.

ரோட்டில் இறங்கினால் என்ன ஆகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஐந்து பேரில் ஒருவர். நடைபாதை என்பது குடிமக்களின் உரிமை, உயிர் வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. நம் தெருவுக்காக மனு எழுதும்போது இதைக் குறிப்பிடலாம்.

அடுத்தது வெயில். மே மாதத்தில் சர்வசாதாரணமாக 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், நிழல் இல்லாத ரோடு பாதி போட்ட ரோடுதான். சாலையை அகலமாக்கும்போது முதலில் போவது ஓரத்து மரம், அடுத்துப் போவது நடைபாதை. கிடைத்த அகலத்தில் வண்டிகளை நிறுத்துகிறார்கள். மழைத் தண்ணீருக்குக் கால்வாய் எவ்வளவு அவசியமோ, வெயிலுக்கு வேம்பும் புங்கமும் அவ்வளவு அவசியம். காரில் போகிறவருக்கு ஏசி இருக்கிறது, நடக்கிறவருக்கு மரம்தான் இருக்கிறது. சைக்கிளில் போகும்போது மிதிக்கிற வேகத்துக்குக் காற்று முகத்தில் அடிப்பதால் ஓரளவு தாங்கலாம். நின்றால்தான் சுடும், அதுவும் மரமில்லாத சிக்னலில். அதனால் மரம் நடும்போது முதலில் சிக்னலுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் பக்கத்தில் நடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உங்கள் மாமியார் சொன்னதைத் தள்ளிவிட என்னால் முடியாது. என் அப்பா லாங்கு பஜாரில் ஒரு தையல் கடையில் கூலிக்குத் தைத்தார். அவருடைய 24 இன்ச் சைக்கிளின் பாரில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் என்னை உட்காரவைத்துக் கூட்டிப்போவார். ஞாயிற்றுக்கிழமை செயினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து, போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். நான் கல்லூரிக்குப் போனபோதும் அதே சைக்கிளின் கேரியரில்தான் போனேன். வாசலுக்கு நூறடி முன்னாலேயே, ஒரு புளியமரத்தடியில் இறங்கிக்கொள்வேன். ஏன் என்று அவர் கேட்டதில்லை. ஒரு நாள் நான் சொல்லாமலே அந்த மரத்தடியில் நிறுத்தினார். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. மாமியாருக்கு இருப்பதும் எனக்கு இருந்த அதே வெட்கம்தான் அம்மா. அவர்மேல் கோபப்படாதீர்கள்.

ஆனால் அந்த வெட்கம் மாறக்கூடியது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். அவர்களும் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டவர்கள்தான். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆம்பளை சைக்கிளையே மிதித்தார்கள். உங்களிடம் இருக்கும் சைக்கிளுக்கும் ஒரு கதை உண்டு. 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிப் பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது. பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்தாமல் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கொடுத்தது. அதில் வேலைக்குப் போனால் கொடுத்த காரணம் இன்னும் கொஞ்சம் நீள்கிறது. மாதம் 25 நாள் வேலை என்றால் ஆயிரம் ரூபாய் மிச்சம். மாமியாரிடம் முதலில் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

எடுப்பதாக இருந்தால் நேராக வேலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். இத்தனை வருடம் நின்ற சைக்கிளில் டயரும் டியூபும் வெடித்துப்போயிருக்கும், பிரேக் கட்டை இறுகியிருக்கும். கடையில் விட்டு ஓவராயில் பண்ணி, பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். நெடுஞ்சாலைப் பக்கம் வேண்டாம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டியைவிட 60-ல் வருகிற வண்டி நான்கு மடங்கு ஆற்றலோடு மோதும். காகிதப்பட்டறை வழியாக ஆற்காடு ரோட்டில் வாருங்கள். அங்கே நெரிசல் அதிகம், அதனாலேயே வேகம் குறைவு. நிதானமாக மிதித்தால் 25 நிமிடம் ஆகும். சித்திரை, வைகாசியில் முடியாவிட்டால் ஷேர் ஆட்டோவிலேயே போங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை.

முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோட்டை வரைக்கும் வந்து பாருங்கள். மாமியாரையும் முதல் பஸ்ஸில் வரச் சொல்லுங்கள். ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு அகழி ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்காரலாம். வழியில் எங்கே மரம் இல்லை, எங்கே ரோட்டில் இறங்க வேண்டியிருந்தது என்று ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள். மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் உங்கள் பாதையையும் சேர்க்கிறேன்.