வாடிக்கை நிற்கணும்னா: மளிகைக் கடைக் கேள்விகளும் பதில்களும்

சிறிய ஊர் ஒன்றில் அப்பா காலத்து மளிகைக் கடையை இன்றும் நடத்திவரும் ஒருவர், மற்ற கடைக்காரர்களின் கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: அண்ணே, கோதுமை மாவு பாக்கெட்டில் வண்டு இருக்குன்னு ஒரு அக்கா திருப்பிக் கொண்டுவந்தாங்க. பிரிச்ச பாக்கெட். மாத்திக் கொடுத்தா நஷ்டம் எனக்குத்தானே?

பதில்: முகம் சுளிக்காம மாத்திக் கொடுங்க. அந்த வீட்டு மாசச் சாமான் 4,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. நூத்துக்குப் பத்து லாபமா நின்னா மாசம் 400, வருசத்துக்கு 4,800, பத்து வருசத்துல 48,000. ஒரு பாக்கெட் மாவுக்காக அதை எதிர்க்கடைக்கு அனுப்பப் போறீங்களா?

பில்லுல "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு அடிச்சு வெச்சிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுக்கிறது நியாயமற்ற வணிக முறை. பில்லுல போட்ட கெடுவுக்குள்ள, கெடு போடலைன்னா 30 நாளுக்குள்ள, பணத்தைத் திருப்பித் தரணும். அந்த பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீங்க, ஏஜென்சி ஆள் வரும்போது காட்டுங்க. அதே சரக்குல மிச்சம் இருக்கிற பாக்கெட்டையும் இன்னைக்கே பாருங்க. வண்டு அரிசி மூட்டைக்குப் போயிட்டா அப்புறம் நஷ்டக் கணக்கே வேற.

கேள்வி: கடன் கேட்டா இல்லைன்னு சொல்ல முடியலை சார். சொன்னா ஆள் போயிடுவாங்களோன்னு பயம்.

பதில்: கடன் கொடுக்காம போனவங்களை விட, கடன் ஏறிப்போய் காணாம போனவங்கதான் அதிகம். ஆயிரம், ரெண்டாயிரம் வரைக்கும் மனுசர் கடைக்கு வருவார். எட்டாயிரம் ஆயிட்டா உங்க தெருவையே சுத்திக்கிட்டுப் போவார். ரொக்கம் கொடுத்து வாங்குற சாமானைக்கூட வேற கடையில வாங்குவார், உங்க முகத்தைப் பார்க்கக் கூச்சம். பாக்கியும் போச்சு, வாடிக்கையும் போச்சு.

அதனால வீட்டுக்கு வீடு ஒரு வரம்பு வெச்சுக்கோங்க. சம்பளக்காரர்னா ஒரு மாசச் சாமான். கூலி வேலைன்னா வாரக் கணக்கு, சனிக்கிழமை கூலி கைக்கு வர்ற நாள் பார்த்து. நோட்டு ரெண்டு இருக்கட்டும், ஒண்ணு அவங்க வீட்டுல. ஒவ்வொரு தடவையும் ரெண்டுலயும் எழுதுங்க, "நான் அன்னைக்கு எண்ணெயே வாங்கலையே"ங்கிற பேச்சு வராது. வரம்பு தாண்டினா, நாலு பேர் நிக்கும்போது கேக்காதீங்க. தனியா, "பழசுல பாதி கொடுத்துட்டு இந்த மாசத்தை எடுத்துக்கோங்க"ன்னு சொல்லுங்க. மரியாதை குறையாம கேட்டா பெரும்பாலும் கொடுத்துடுவாங்க.

கேள்வி: சில்லறைக்குப் பதிலா மிட்டாய் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. மறுநாள் அவர் மிட்டாயைக் கொடுத்து தீப்பெட்டி கேட்டா வாங்கிப்பீங்களா?

கேள்வி: பத்து நிமிசத்துல வீட்டுக்கே கொண்டுவர்ற ஆப் எங்க ஊருக்கும் வந்தாச்சு. சோப்பு, பிஸ்கட்டெல்லாம் எம்.ஆர்.பி.க்குக் கீழே தர்றாங்க. நாம என்ன செய்ய?

பதில்: சோப்புல அவங்களோட மல்லுக்கட்டாதீங்க, நம்ம கொள்முதல் விலைக்கே அவங்க விக்கிறதும் உண்டு. நம்ம பலம் சில்லறைச் சரக்குல. பருப்பு, புளி, மிளகாய், அரிசி. இந்தத் துவரை வேக நேரம் எடுக்கும், இந்த அரிசி புதுசு, பொங்கலுக்கு ஆகும், சாப்பாட்டுக்குக் குழைஞ்சிடும்னு ஆப் சொல்லாது. நீங்க சொல்லணும், விக்காம தங்குற சரக்கா இருந்தாலும் சொல்லணும். ஒரு தடவை "இன்னைக்கு இது வேண்டாம்கா, அடுத்த லோடு வரட்டும்"னு சொல்லிப் பாருங்க. அப்புறம் நீங்க நல்லாருக்குன்னு சொல்றதை நம்புவாங்க. வாட்ஸ்அப்ல லிஸ்ட் வாங்கி சாயங்காலம் வீட்டுல இறக்கிடுங்க. ஐம்பது கிராம் கசகசா கேட்டாலும் சலிக்காம நிறுங்க. எலக்ட்ரானிக் தராசுக்கு வருசா வருசம் முத்திரை வாங்கிடுங்க, அது கஸ்டமர் கண்ணுல படுற மாதிரி இருக்கட்டும்.

கேள்வி: ஒருத்தர் தினமும் வந்து சண்டை. விலையில சண்டை, எடையில சண்டை. இவரையும் தாங்கணுமா?

பதில்: எடையைப் பத்திக் கேட்டா அவர் முன்னாடியே மறுபடி நிறுத்துக் காட்டுங்க, அது அவர் உரிமை. கடைப் பையனைக் கெட்ட வார்த்தையில திட்டினா அனுப்பிடுங்க. ஒருத்தருக்காக மத்தவங்க காத்து நிக்கிறாங்க, அதையும் கணக்குல சேருங்க.

கேள்வி: எங்க பையனே கஸ்டமர்கிட்ட எரிஞ்சு விழறான் ஐயா. நல்லவன்தான், மாச முதல் வாரத்துலதான் இப்படி.

பதில்: முதல் வாரம்னா மாசச் சாமான் லிஸ்ட்டோட வர்ற கூட்டம். காலையில 6 மணிக்கு வந்தவன் எத்தனை மணிக்குச் சாப்பிடுறான்னு கவனிச்சீங்களா? அந்த வாரத்துக்கு மட்டும் கூட ஒரு ஆள் போட்டு, 1 மணிக்கு அவனைச் சாப்பிட அனுப்புங்க. அதுக்கப்புறமும் எரிஞ்சு விழுந்தா மறுபடி எழுதுங்க, பேசுவோம்.