கொண்டியை முதலில் பாருங்கள்: பூட்டுக்கடைக்காரர் பதில்கள்

கும்பகோணத்தில் முப்பத்திரண்டு வருடமாகப் பூட்டுக்கடை வைத்திருக்கிறேன். சாவி போடுவது, பீரோ திறப்பது, திருட்டு நடந்த வீட்டில் மறுநாள் கதவைச் சரிசெய்வது என் வேலை. வீட்டுப் பாதுகாப்பு பற்றிக் கேளுங்கள் என்றேன். பாதிப் பேர் செல்போனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சரி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

வலங்கைமான்: ஐயா, முற்றம் வைத்த பழைய வீடு. பொங்கலுக்குப் பத்து நாள் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போகிறோம். வாசலுக்கு எந்தப் பூட்டு வாங்கலாம்?

வாசலை விடுங்கள், கொல்லையைச் சொல்லுங்கள். நம் பக்கத்து வீடுகளுக்கு முன்பக்கம் தெரு, பின்பக்கம் வாய்க்கால், அதைத் தாண்டினால் வயல். எதிர்வீட்டுத் திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கும் தெரு வழியாகத் திருடன் ஏன் வரப்போகிறான்? வாசலில் ஆயிரம் ரூபாய்ப் பூட்டும் கொல்லைக் கதவில் வெறும் தாழ்ப்பாளுமாக எத்தனையோ வீடு பார்த்துவிட்டேன்.

அப்புறம் கொண்டி, அதாவது பூட்டு மாட்டுகிற இரும்புப் பட்டை. ஒரு வீட்டில் திருட்டுக்கு மறுநாள் போனேன். எட்டு லிவர் பூட்டு பூட்டியபடியே தரையில் கிடந்தது. சாவி போட்டேன், நோகாமல் திறந்தது. பூட்டுக்கு ஒரு கீறல் இல்லை. கொண்டியைக் கதவு நிலையில் பிடித்திருந்தவை முக்கால் அங்குல ஸ்க்ரூ நான்கு. கடப்பாரையை விட்டு ஒரு நெம்பு நெம்பியிருக்கிறான், ஸ்க்ரூ மரத்தூளோடு வந்துவிட்டது. தேக்கு நிலைதான். ஆனால் ஐம்பது மழைக்காலம் பார்த்த நிலை, ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்து போயிருக்கும். அதை எடுத்துவிட்டுக் கதவிலும் நிலையிலும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போகிற போல்ட் போட்டு, உள்பக்கம் வாஷர் வைத்து நட்டை முடுக்கச் சொல்லுங்கள். பூட்டுக்குச் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

முற்றத்துக்கு மேலே காக்கா வராமல் கட்டிய வலையைப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். சுவரில் பதித்த இரும்புக் கம்பி வேண்டும். கிளம்பும் முன் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்தில் ஒரு பார்வை பார்ப்பார்கள். பக்கத்து வீட்டம்மாவிடம் கோலம் போடவும் சொல்லுங்கள். மார்கழியில் கோலம் இல்லாத வாசல், ஆள் இல்லை என்று போர்டு மாட்டிய மாதிரி.

சென்னையிலிருந்து: அண்ணே, அப்பா அம்மா திருவிடைமருதூரில் தனியாக இருக்கிறார்கள். கைரேகைப் பூட்டு போடலாமா?

தம்பி, அப்பாவை ரேஷன் கடை மிஷினில் எத்தனை தடவை விரல் வைக்கச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். மண்வெட்டி பிடித்த கையில் ரேகை எங்கே இருக்கிறது? மழையில் நனைந்து வந்து கதவு திறக்காமல் நிற்கப் போகிறார். நல்ல திண்டுக்கல் லிவர் பூட்டு போதும். 2018இல் கஜா புயல் அடித்தபோது வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, மறந்துவிட்டதா?

திருத்துறைப்பூண்டி: ஐயா, கஜாவை எங்களுக்குச் சொல்லாதீர்கள். அந்தப் பூட்டு பேட்டரியில் ஓடுகிறது. கரண்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

என் தப்புதான். கரண்ட் கதை கேமராவுக்குப் பொருந்தும். இன்வெர்ட்டரும் நெட்டும் போனால் அது வெறும் பொம்மை. ஆனாலும் பேட்டரி தீரப்போகிறது என்று பூட்டு கத்தும்போது மாற்ற ஆள் வேண்டும். பையன் சென்னையில் இருக்கிறார்.

பட்டுக்கோட்டை: சாவி விற்கிறவர் வேறென்ன சொல்வார்!

இரண்டும் விற்கிறேன். லாபம் கைரேகைப் பூட்டில்தான் கூட.

திருவையாறு: திண்டுக்கல் பூட்டு தாத்தா காலத்துச் சமாச்சாரம். இன்னுமா?

2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. உள்ளே தகடு தகடாக லிவர் இருக்கும்; ஒவ்வொன்றும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். ஒரு தகடு மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் திறக்காது. கம்பியை விட்டு எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்குவது சினிமாவில் நடக்கும். ஆனால் நான் ஏற்கெனவே சொன்னதுதான், கொண்டி சரியில்லை என்றால் திண்டுக்கல்லும் தரையில்தான் கிடக்கும்.

பூட்டுச் சண்டையிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. மற்றவர்களுக்கு வருகிறேன்.

நீடாமங்கலம்: பிஎம் கிசான் பணம் என்று வாட்ஸப்பில் வந்த ஏபிகே ஃபைலைத் தொட்டுவிட்டேன்.

ஏபிகே என்றால் போனில் ஆப்பை ஏற்றுகிற ஃபைல். போனில் நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து பேங்குக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930ஐக் கூப்பிடுங்கள். பணம் கைமாறிக்கொண்டே போகும் என்பதால் மணிக்கணக்கு முக்கியம்.

பாபநாசம்: ஓடிபி சொல்லிவிட்டேன், பணம் திரும்ப வருமா?

1930. வருமா என்று என்னிடம் கேட்கும் நேரத்தில் கூப்பிட்டிருக்கலாம்.

மயிலாடுதுறை: வீடியோவில் போலீஸ் வந்து டிஜிட்டல் கைது என்கிறார்கள்.

சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. போனை வையுங்கள்.

குடவாசல்: பாத்திரக்கடை. பணம் அனுப்பியதாக ஸ்க்ரீன்ஷாட் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்க்கவே பார்க்காதீர்கள். உங்கள் போனில் வரவு வந்ததா என்று பாருங்கள், இல்லை சவுண்ட் பாக்ஸ் வையுங்கள். ஒட்டியிருக்கும் கியூஆர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று தினமும் நகத்தால் ஒரு சுரண்டு.

மன்னார்குடி: ஓடிபி சொல்லிவிட்டால்...

மேலே பாபநாசத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

திருவாரூர்: ஏலச்சீட்டு சேரலாமா?

என் துறை இல்லை. 1982ஆம் வருடச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று சீட்டுப் பதிவாளரிடம் கேளுங்கள். தெரிந்தவர் என்பது பதிவு ஆகாது.

ஆடுதுறை: லாக்கரில் நகை திருடு போனால் பேங்க் முழுசாகத் தருமா?

தராது. 2022 முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, பேங்கின் பொறுப்பு ஒரு வருட வாடகையைப் போல் நூறு மடங்கு வரைதான். வாடகை இரண்டாயிரம் என்றால் இரண்டு லட்சம். அதற்கு மேல் நகை வைத்திருந்தால் தனியாகக் காப்பீடு எடுங்கள்.

சுவாமிமலை: குத்துவிளக்கு பாலிஷ் பவுடர் விற்க இரண்டு பேர் வருகிறார்கள். வாங்கலாமா அண்ணா?

அம்மா, கதவைச் சாத்துங்கள். இது என் வீட்டிலேயே நடந்தது. குத்துவிளக்கை இலவசமாகத் தேய்த்துப் பளபளவென்று காட்டினார்கள். அடுத்து வெள்ளிக் கொலுசு. அதுவும் நன்றாகத்தான் வந்தது. அப்புறம் என் மனைவி கழுத்துச் சங்கிலி. கிண்ணத்தில் ஏதோ தண்ணீரில் முக்கி அலசி, மஞ்சள்பொடியோடு டப்பாவில் போட்டு மூடி, அரை மணி நேரம் கழித்துத் திறங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கிண்ணத்துத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டுதான் போனார்கள். தங்கம் அதில்தான் இருந்தது; தங்கத்தைக் கரைக்கிற அமிலம், ராஜதிராவகம். திறந்து பார்த்தால் சங்கிலி புதிதுபோல மின்னியது. அடகுக் கடையில் தராசில் வைத்தபோதுதான் நான்கு பவுனில் ஏறக்குறைய அரைப் பவுன் இல்லை. ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறவன் வீட்டில், பகல் பதினோரு மணிக்கு, நாங்களே நாற்காலி போட்டு உட்கார வைத்து.

ஒரத்தநாடு: பீரோ சாவியை எங்கே வைப்பது?

எங்கே என்று இங்கே எழுதாதீர்கள். கேள்விக்குக் கீழே மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள்: அரிசிப் பானை, சாமி படத்துக்குப் பின்னால், புடவை மடிப்பு. திருட்டு நடந்த வீட்டில் கொட்டிக் கிடப்பதும் அரிசியும் புடவையும்தான். தயவுசெய்து அழித்துவிடுங்கள்.