அட்டையைப் பார்த்து நடிப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற அமெரிக்க நேரலை நகைச்சுவை நிகழ்ச்சியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதன் காட்சிகள் சிலவற்றை யூடியூபில் பார்த்தேன். நன்றாகவே சிரித்தேன். ஆனால் பாதிப் பேர் எதிரில் நிற்பவரைப் பார்ப்பதே இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துப் படிக்கிறார்கள். ஐந்து நிமிட வசனத்தை மனப்பாடம் செய்ய முடியாதவர்கள் நல்ல நடிகர்களா?

க., திருச்சி

அன்புள்ள க.,

அவர்கள் படிப்பது கையால் பெரிய எழுத்தில் எழுதிய அட்டைகளை. மனப்பாடம் செய்தால் அங்கே மாட்டிக்கொள்வார்கள். செவ்வாய் இரவு விடிய விடிய எழுதுகிறார்கள். புதன்கிழமை நாற்பது குட்டி நகைச்சுவை நாடகத் துணுக்குகள் வரை உட்கார்ந்து வாசிக்கிறார்கள், பெரும்பாலானவை அங்கேயே போய்விடும். சனிக்கிழமை இரவு 8 மணிக்குப் பார்வையாளர்களை வைத்தே முழு ஒத்திகை. அதில் எடுபடாத துணுக்குகளைத் தூக்கிவிடுவார்கள், எடுபட்டவற்றிலும் வரிகள் மாறும். 11.30-க்கு நேரலை. நடுவில் மாறிய வரியை எப்போது மனப்பாடம் செய்வது?

உள்ளே இருப்பவர்களுக்கு மிகவும் வலிப்பது அந்த வெட்டுதான் என்று நினைக்கிறேன். வாரம் முழுக்கத் தூங்காமல் உருவாக்கிய பாத்திரம், வேஷம் கட்டி ஒத்திகையும் முடித்த பிறகு, ஒளிபரப்புக்குச் சற்று முன்னால் இல்லாமல் போகிறது. நகைச்சுவை எழுத்தாளர் லாரி டேவிட் 1984-85 சீசன் முழுக்க அங்கே எழுதினார். ஒளிபரப்பானது ஒரே ஒரு துணுக்கு.

பில் ஹேடரைப் பாருங்கள். 2005 முதல் 2013 வரை அங்கே நடிகராக இருந்தவர். அவருடைய ஸ்டெஃபான் பாத்திரத்துக்கு, ஒத்திகை முடிந்ததும் அதை அவரோடு சேர்ந்து எழுதிய ஜான் முலேனி அட்டையில் சில வரிகளை மாற்றிவிடுவார். ஹேடர் அவற்றை முதன்முதலில் பார்ப்பதே நேரலையில்தான். கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அவர் சிரிப்பது உண்மைச் சிரிப்பு. அதே மனிதர் அந்த ஆண்டுகளில் கடும் பதற்றத்தால் அவதிப்பட்டதைப் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சாக நடித்தபோது நேரலையிலேயே பீதித் தாக்குதல் வந்துவிட்டதாம். இவரை நல்ல நடிகர் இல்லை என்று என்னால் ஒருநாளும் சொல்ல முடியாது.

சரி, உங்கள் கண்ணில் பட்டதும் பொய்யில்லை. புதிதாக வருபவர்கள், அதிலும் அந்த வார விருந்தினர்கள், அட்டையைவிட்டுக் கண்ணை எடுக்கவே பயப்படுவார்கள். அடுத்து கெனன் தாம்சனைப் பாருங்கள். 2003-லிருந்து இருக்கிறார், வேறு யாரும் அங்கே அத்தனை காலம் நடித்ததில்லை. அவரும் படிக்கத்தான் செய்கிறார். எந்த இடத்தில் படித்தார் என்று கண்டுபிடித்து எழுதுங்கள்.