நிரல் ஓடுகிறது, ஆனால் வின்ஃபார்ம்ஸ் டிசைனர் திறக்கவில்லை, ஏன்?

நிரல் பிழையின்றி ஓடியும், விஷுவல் ஸ்டுடியோவில் ஃபார்மை, அதாவது நிரலின் சாளரத்தைத் திறந்தால், அதை வரைந்து அமைக்கும் டிசைனருக்குப் பதில் பிழைச் செய்தி மட்டும் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் ஃபார்மில் இருக்காது, அதன் மேல் வைத்த யூசர் கன்ட்ரோலில்தான் (பல கன்ட்ரோல்களைச் சேர்த்து நீங்களே எழுதிய கன்ட்ரோலில்) இருக்கும்.

டிசைனர் உங்கள் ஃபார்மின் கன்ஸ்ட்ரக்டரை (ஒரு வகுப்பிலிருந்து பொருள் உருவாகும்போது முதலில் ஓடும் பகுதியை) இயக்குவதில்லை. டிசைனரே எழுதிவைக்கும் இனிஷியலைஸ்காம்போனன்ட் பகுதியைப் படித்து, அதிலுள்ள ஒவ்வொரு கன்ட்ரோலையும் நிஜமாகவே உருவாக்குகிறது. அப்போது அந்தக் கன்ட்ரோல்களின் கன்ஸ்ட்ரக்டர்களும், ஃபார்மின் தாய் வகுப்பின் கன்ஸ்ட்ரக்டரும் ஓடும். அங்கே தரவுத்தளத்தைத் திறக்கும் வரி ஒன்று இருந்தால் போதும், வடிவமைப்பு நேரத்தில் அது தோற்று, டிசைனரையும் சாய்த்துவிடும்.

சரி, இப்போது வடிவமைப்பு நேரமா என்று சொல்லும் டிசைன்மோட் பண்பைச் சோதித்தால் ஆகாதா? கன்ஸ்ட்ரக்டருக்குள் ஆகாது. கன்ட்ரோலை டிசைனரோடு இணைக்கும் சைட் இன்னும் கிடைக்காததால் அது எப்போதும் ஃபால்ஸ் என்றே சொல்லும். பலரை அலைக்கழிக்கும் இடம் இது. லைசென்ஸ்மேனேஜர் வகுப்பின் யூசேஜ்மோட் அங்கேயும் சரியாகச் சொல்லும். ஆனால் அந்தத் தரவுத்தள வரியை, கன்ட்ரோல் உருவான பின் வரும் லோட் நிகழ்வுக்கு மாற்றி, அங்கே டிசைன்மோடைச் சோதிப்பதே எனக்குப் பிடித்த வழி.

எந்த வரி என்று தெரியாவிட்டால் பிழைப் பக்கத்திலுள்ள கால் ஸ்டாக்கை (எந்தப் பகுதி எதை அழைத்தது என்ற பட்டியலை) பாருங்கள், உங்கள் வகுப்பின் பெயர் அதில் இருக்கும். திருத்திய பின் ரீபில்ட் செய்ய மறக்காதீர்கள். டிசைனர் இந்தக் கன்ட்ரோல்களுக்குப் பயன்படுத்துவது கம்பைல் ஆன கோப்பைத்தான்.

அப்புறம், கோப்பில் ஃபார்ம் வகுப்புக்கு மேலே வேறு வகுப்பு எழுதியிருந்தாலும் டிசைனர் திறக்காது. அதைக் கீழே நகர்த்திவிடுங்கள்.